ஐந்தாம் வகுப்புக்கு வைத்திருந்த வர்ணம்

பன்வில தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த சித்திர வாத்தியார் ஒல்லியான, கூன் விழுந்த மனிதர். கோட்டுப் பையில் இருக்கும் வர்ணப் பெட்டியை அடிக்கடி தட்டிப் பார்த்துக்கொள்வார். முதலாம் வகுப்புக்குக் கோடு, பிறகு இலை, குடம், வீடு; வர்ணம் ஐந்தாம் வகுப்பில்தான் என்பது அவர் போட்ட திட்டம்.

நன்றாக வரைந்த ஒரு பெண் பிள்ளையை நாலாம் வகுப்போடு நிறுத்தி, கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துவிட்டார்கள். நானும் வாத்தியாரும் அவள் கொழுந்தெடுக்கும் மலைக்குப் போனோம். அவர் அவளிடம் வர்ணப் பெட்டியை நீட்டினார்.

"கையெல்லாம் கறைங்க, வாத்தியாரய்யா. பெட்டி அழுக்காயிரும்."

மறுநாள் அதை முதலாம் வகுப்பில் கொடுத்துவிட்டார்.

"உங்க திட்டம் என்னாச்சுங்க?" என்றேன்.

"அஞ்சாம் வகுப்பு வரைக்கும் யாரு வந்தாங்க?"

அதன் பிறகும் அவர் கை அந்த வெறும் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.