ஏசிக்காரர் மாட்ட மறுத்த வலை

ஏசி பழுது பார்க்க வந்த அந்த மனிதருக்கு மூங்கில் போல் உடம்பு, பின்னந்தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி. எம்பிலிப்பிட்டியவிலிருந்து எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு வந்திருந்தார். எந்த மெஷினையும் 'மாப்புள' என்றுதான் கூப்பிடுவார்.

அங்கே கூட்டித் துடைப்பது என் வேலை. அன்று அதுவும் போகிற நிலை. சோபாவெல்லாம் தூசி. "சோம்பேறி! நாளையிலேருந்து வராத" என்று துரைசாணி ஏசிக்காரர் முன்னாலேயே என்னைத் திட்டினார். தூசிக்கு என்மேல் என்ன பாசமோ, துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.

அவர் ஏசியின் மூடியைத் திறந்து தூசி பிடிக்கும் வலையை உருவினார். கம்பளி மாதிரி தூசி. துரைசாணியிடம் நீட்டிக் காட்டினார்.

"மாப்புள வாய் கொப்புளிச்சு வருஷமாச்சு நோனா. வல அடைச்சு, உள்ள படிஞ்ச தூசியத்தான் வெளிய துப்புறாரு. மாசம் ஒருக்கா கழுவி, நல்லா காய வச்சு மாட்டணும். இதுக்கு ஆயா என்ன செய்யும்?"

"சரி, சீக்கிரம் மாட்டுங்க."

வலையைக் கழுவிக் காயவைத்தார். மாட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஆயாவ சோம்பேறின்னீங்களே, அதுக்கு மன்னிப்பா ஒரு வார்த்த சொல்லுங்க. மாட்டுறேன்."

"வேற ஆள கூப்புட எனக்குத் தெரியும்!"

"கூப்புடுங்க நோனா."

ஏசி இல்லாமல் துரைசாணிக்கு வேர்த்து ஊற்றியது. கடைசியில், "சரி ஆயா, நாளைக்கும் வா" என்றார்.

ஏசிக்காரர் எழுந்து என்னைப் பார்த்தார். "போதுமா ஆயா?"

"பத்தாது தம்பி" என்றேன்.

முன்பின் தெரியாத அந்த மனிதர், வலையோடு மறுபடியும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.