மலையேறிய ஜீன்

என் தங்கை மகனுக்கு மூன்று வயது முடிந்த பிறகும் தாய்ப்பால் நிற்கவில்லை. ஓடியாடி விளையாடுவான், தெருவில் போகிற நாயை வம்புக்கு இழுப்பான், பசித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவனே சோறு கேட்பான். சாப்பிட்டு வாயைத் துடைத்த கையோடு அம்மாவின் முந்தானைக்குள் நுழைந்துவிடுவான். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இவன ஸ்கூல்ல சேக்கும்போது நீயும் கூடப் போய் பெஞ்சுல உக்காந்துக்க, இன்டர்வெல்லுக்கு ஆகும்" என்பேன். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். அவனை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துக்கொள்வாள்.

போடியில் எங்கள் இருவர் வீடும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன், சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் ட்யூஷன். தங்கை எங்கள் தாய்மாமனைக் கட்டியவள். மாமா மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்பே ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் இறக்கிக்கொண்டு வருவார். ஒரு காலத்தில் தங்கையும் அதே ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போனவள்தான். மூத்த மகளுக்கு உடம்புக்கு வந்ததிலிருந்து போவதில்லை.

மூத்தவளுக்கு இப்போது ஏழு வயது. தலசீமியா. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அவள் உடம்பால் ஒழுங்காகச் செய்ய முடியாது. அதனால் மாதாமாதம் தேனிக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அதற்கு முந்தின நாள் வரை வெளுத்துச் சுருண்டு கிடப்பாள். ரத்தம் ஏறிய மறுநாள் என் சிவப்புப் பேனாவைத் திருடிக்கொண்டு போய் சுவருக்கெல்லாம் மார்க் போடுவாள்.

பெற்றவர்கள் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான ஜீன் வந்து சேர்ந்ததால் வந்த நோய் இது, சொந்தத்தில் கட்டினால் இப்படிச் சேர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னபோது மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைதான் கேட்டாள்.

"பெறந்தப்ப நல்லாத்தான சார் இருந்தா? எட்டு மாசத்துலதான வெளுத்தா?"

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு விதமான ஹீமோகுளோபின், வளர்ந்தவர்களுக்கு வேறு விதம். இரண்டுக்கும் தனித்தனி ஜீன். பிறந்த சில மாதங்களில் பிள்ளை ஜீன் அணைந்துவிடும், பெரியவர் ஜீன் வேலையை எடுத்துக்கொள்ளும். இவளுக்குப் பழுது பெரியவர் ஜீனில். பிள்ளை ஜீன் ஓடிக்கொண்டிருந்தவரை பழுது வெளியே தெரியவில்லை, அது அணைந்ததும் தெரிந்துவிட்டது. தங்கை தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்துச் சின்னவன் பிறந்தான். அவனுக்கு இரண்டு வயதானபோது ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு நோய் இல்லம்மா. பிள்ளை ரத்தமெல்லாம் போய் பெரிய ரத்தம் நல்லா வந்திருச்சு" என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது. தங்கை மட்டும் பாலை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் மாமா கையை விரிப்பார். "எம் பேச்ச அவ என்னைக்குக் கேட்டா?"

போன வருடம் ஒரு சனிக்கிழமை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, ஜீன் எப்படி அணைகிறது என்ற பாடத்தை எடுத்தேன். குடலில் இருக்கும் ஒரு பாக்டீரியாதான் அதற்கு உதாரணம். பால் சர்க்கரையைச் செரிக்கிற ஜீன் அதனிடம் உண்டு. அந்த ஜீனை நகல் எடுத்தால்தான் வேலை நடக்கும். பால் சர்க்கரை இல்லாத நேரத்தில் அடக்கி என்கிற புரதம் ஜீனின் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், நகல் எடுக்க வருகிற நொதியால் உள்ளே போக முடியாது. பால் சர்க்கரை வந்தால் அது அடக்கியைப் பிடித்து இழுத்துவிடும், வழி திறக்கும்.

"எஸ்டேட் கேட்டுக்குக் குறுக்கே ஒரு ஜீப்பை நிறுத்திட்டா ஆளும் உள்ளே போக முடியாது, லோடும் வெளியே வராது. ஆனா தோட்டம் அப்படியேதான் இருக்கு, ஒரு செடியும் சாகலை" என்றேன். ஜீப் என்றதும் தூங்கிக்கொண்டிருந்தவனும் நிமிர்ந்தான். அந்தக் குஷியில், 'பால் இருக்கும்வரை ஜீன் ஓடும், பால் நின்றால் அடக்கி வரும், ஜீன் அணையும்' என்று ராகம் போட்டுப் பல தடவை சொல்ல வைத்தேன். பரீட்சைக்கு உதவும் என்ற நல்ல எண்ணம்தான்.

பிள்ளைகள் போனதும் தங்கை இடுப்பில் மகனோடு வந்து நின்றாள்.

"அக்கா, அந்தப் பால் பாடத்த இன்னொருக்கச் சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடம் என்றாலே, "எனக்குச் சோலி கெடக்கு" என்று நழுவுகிறவள் அவள். உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அணைஞ்சு போச்சுன்னு சொல்லாதக்கா. வௌக்கயே நம்ம அப்பிடிச் சொல்றதில்ல. மலையேறிருச்சுன்னு சொல்லு."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். விளக்கு அணைந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம், மலையேறிவிட்டது என்போம். சாமியாடியை விட்டுச் சாமி போனாலும் மலையேறிவிட்டது என்பதுதான் பேச்சு.

"சரி தாயே. பால் நின்னதும் ஜீன் மலையேறிருச்சு. போதுமா?" என்று சிரித்தேன்.

"நானும் அந்த வாரந்தானக்கா மலையேறுனேன்" என்றாள்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே சொன்னாள். மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது காய் எடுக்கிற பருவம். பாலை மறக்கடித்து, பிள்ளையை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள். அடுத்த மாதமே பிள்ளை வெளுத்தாள்.

"நான் மலையேறுனேன், அதுவும் மலையேறிருச்சு. எனக்கு மனசுக்குள்ள ரொம்ப நாளாத் தெரியும். இன்னைக்கு நீ பாடமாவே சொல்லிட்ட. இவனுக்கும் நிறுத்தி, இவனும் வெளுத்துட்டா நான் என்னக்கா செய்வேன்?"

இத்தனை வருடமாக இந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டா என் கேலியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்? ராகம் போட்டு அதை உறுதிப்படுத்தியதும் நான்தான். என் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் எனக்குக் குரல் ஏறும், அன்று ஏற விடவில்லை.

"அது பாக்டீரியா சமாசாரம்டி. அதுக்குப் பால் சாப்பாடு. சாப்பாடு வந்தா அடுப்பப் பத்த வைக்கும், வரலேன்னா வைக்காது. நம்ம ரத்தத்துல இருக்குற பிள்ளை ஜீனுக்கும் ஒரு அடக்கி இருக்கு. ஆனா அது பாலப் பாத்து வர்றதில்ல, வயசப் பாத்து வருது. வந்து உக்காந்து, கூடவே நாலு பேரக் கூட்டியாந்து, அந்த எடத்தையே இறுக்கிச் சுருட்டி வச்சிரும். எனக்கும் அப்பிடித்தான் நடந்துச்சு, உனக்கும் அப்பிடித்தான்."

"நீ சமாதானத்துக்குச் சொல்ற."

எல்லா அக்காமாரும் சமாதானத்துக்குச் சொல்கிறவர்கள்தானே. கரும்பலகையில் படம் போட்டாலும் நம்ப மாட்டாள் என்று தெரிந்தது. அதற்குள் சின்னவன் முந்தானையை விலக்கிப் பால் குடிக்க ஆரம்பித்திருந்தான். அவனைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"இவனுக்கு என்னைக்காவது பால் குடுக்காம இருந்திருக்கியா?"

"ஒரு நாளும் இல்ல."

"மலைக்குப் போனியா?"

"எங்க போனேன்."

"ரெண்டு வயசுல இவன் ரத்தத்தப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

யோசித்தாள். "பிள்ளை ரத்தமெல்லாம் போயி பெரிய ரத்தம் வந்திருச்சுன்னாரு."

"பால் நிக்கவே இல்ல, நீ மலையேறவே இல்ல. பெறகு இவனுக்கு மட்டும் அந்த ஜீன் எப்பிடி மலையேறுச்சு?"

அவள் மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எனக்கு அது சுலபமான காரியம் இல்லை.

"அப்ப நான் அன்னைக்கு வேலைக்குப் போகாம இருந்திருந்தாலும்…"

"வெளுத்திருப்பா."

"பால் குடுத்துக்கிட்டே இருந்திருந்தாலும்…"

"அப்பவும் வெளுத்திருப்பா."

ஒரு தாயிடம் சொல்லக்கூடிய சொல் இல்லை அது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் இத்தனை வருடம் இறுகிக் கிடந்த அவள் தோள் தளர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மலையேறுனது திரும்ப எறங்காதா?" என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஜீன் அழிந்துபோகவில்லை, முழுசாக அங்கேயேதான் இருக்கிறது. அந்த அடக்கியை வரவிடாமல் செய்து பிள்ளை ஜீனைத் திரும்ப ஓட வைக்கிற வைத்தியம் சில நாடுகளில் வந்திருக்கிறது. அது எப்போது நம் கைக்கு எட்டும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவையும் அப்படியே சொன்னேன். "சரி, வரும்போது வரட்டும்" என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலை வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் பூசிக்கொண்டாள். சின்னவன் வழக்கம்போல நுழைந்தான், வாயை வைத்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"கசக்குதும்மா. தொடச்சு விடு."

அவள் கை துண்டுக்குப் போனது. எடுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிமே அப்பிடித்தான்யா" என்றாள். அவன் தரையில் புரண்டு அழுதான். அப்போதுதான் அவளும் அழுதாள். அழுதழுது அவன் தூங்கிய பிறகு, குனிந்து அவன் கீழிமையை விரலால் இழுத்து, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாள். நன்றாகச் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவன் எழுந்ததும் இமையை இழுத்துப் பார்ப்பாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவாள். நானும் அலுக்காமல் போய்ப் பார்த்து, "செவப்பா இருக்கு" என்பேன். சில வாரங்கள் இப்படியே போயின. ஒரு நாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை அவள் கூப்பிடவில்லை. அவள் வீட்டு வாசலில் நின்று, "இன்னைக்குப் பாத்துட்டியா?" என்று கேட்டேன்.

"எத?" என்றாள்.