கொக்கி பிடித்த கை

அவளைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வயிற்றைக் கீறியதும் சதையை விலக்கிப் பிடிக்க ஓர் இரும்புக் கொக்கி உண்டு. அறுவை சிகிச்சை மேல்படிப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் பிடித்தது அதை மட்டும்தான். கத்தி சீஃப் டாக்டர் கையில். அவருக்கு மனசு வந்தால் செல்லப்பிள்ளைகள் கையில். கொக்கி கொஞ்சம் நழுவினால் சீஃபின் இடுக்கியால் அவள் விரல் முட்டியில் ஓர் அடி விழும்.

"தூங்குமூஞ்சி! ஒரு ஆணி அடிச்சு மாட்டுனா உன்னைவிட ஒழுங்கா நிக்கும்."

மற்ற மாணவர்கள் முகக்கவசத்துக்குள் சிரிப்பார்கள். பாவிகள், நாளைக்குத் தங்கள் முறை வரும் என்ற நினைப்பே கிடையாது.

வீட்டில் மாமியார், மருமகள் பெரிய ஆபரேஷன் டாக்டர் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் மட்டும், "அவ தனியா வெட்டுறது வெங்காயம் மட்டும்தாம்மா" என்பான். அதற்கும் இவள் சிரித்துத் தொலைக்க வேண்டும்.

படிப்பு முடியப்போகிறது. ஒரு குடலிறக்கத்தையாவது தன் கையால் சரிசெய்யாமல் எந்த முகத்தோடு டாக்டர் என்று வெளியே போவது? வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள். சீஃப் இரங்கினார்.

"அடுத்த கேஸ் உனக்கு. ஆனா மேலிடத்துல இருந்து சோதனைக்கு ஆளுங்க வர்றாங்க. பயிற்சி எப்படின்னு கேப்பாங்க. பாத்துப் பேசு."

வந்தவர்கள் தேநீர் கொடுத்துக் கனிவாகவே கேட்டார்கள். "பயப்படாம சொல்லுங்கம்மா. உங்க கையால ஆபரேஷன் பண்ண விடுறாங்களா?"

"நிறைய பண்ணியிருக்கேன் சார்."

மறுநாள் கையுறை மாட்டிக்கொண்டு கத்திக்குக் கை நீட்டினாள். சீஃப் அதைப் புதிதாகச் சேர்ந்த செல்லப்பிள்ளையிடம் கொடுத்தார்.

"சார், இது எனக்குன்னு..."

"நிறைய பண்ணியிருக்கேன்னு நீதானே அவங்ககிட்ட சொன்னே? இவன் பாவம், கத்துக்கட்டும். நீ கொக்கியைப் பிடி."

அறையே சிரித்தது. நுணலும் தன் வாயால் கெடும். கொக்கியைப் பிடித்தாள். சீஃபைவிடத் தன் நாக்கின்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகம்.

பட்டம் வந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. இப்போது கொக்கியோடு எதிரே நிற்பது ஒரு நர்ஸ். மேஜையில் படுத்திருந்த குடலிறக்கக்காரர் டாக்டரான இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கும்மா. நீங்க இதெல்லாம் பண்ணியிருக்கீங்கல்ல?"

"நிறைய பண்ணியிருக்கேன்," என்றாள்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.