முதல் நம்பருக்கு ஒரு லீவு லெட்டர்

எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று தன் முழங்கால் வலியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பிரசன்ட் அம்மாவின் வலது கால் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து தரையை மிதிக்கும். பேச்சை வேகமாக ஓட்டிவிடப் பார்க்கிறார். கணவர் படபடவென்று எதையாவது கொட்டிவிட்டுக் குளிக்கப் போனால், அதே கால் இடப்பக்கம் நகர்ந்து மிதிக்கும். அது, பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேட்பதற்கு. எதிர்வீட்டுப் பெண்மணி இதுவரை ஒரு நாளும் வேகமாக ஓடியதில்லை.

தினமும் மூன்று மணியிலிருந்து ஆறு வரை சாப்பாட்டு மேசையின் ஜன்னலோரப் பாதி அவருக்குச் சொந்தம். மேசைமேல் கணினி, காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். நடுவில் மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும், இடப்பக்கம் பின்னால் போகும், வலப்பக்கம் முன்னால் போகும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் யார் யாரையோ பேட்டி எடுத்து அனுப்புவார்கள். அவர் கேட்டுக் கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார். பத்து நிமிஷப் பேச்சை எழுத முக்கால் மணி நேரம் ஆகும். பேசுகிறவர் வெற்றிலைபாக்குப் போட்டிருந்தால் ஒரு மணி நேரம்.

காலை வேலை வேறு. பள்ளிக்கூட அலுவலகத்தில் அரை நாள், வருகைப் பதிவேடு. இருபத்திரண்டு வருஷமாக வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர் கூப்பிட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாயிலிருந்து அவர் கேட்டதெல்லாம் ‘பிரசன்ட்’ என்ற ஒரே சொல்தான். பட்டப்பெயரும் அதிலிருந்துதான் வந்தது. அதனால்தானோ என்னவோ, மத்தியானம் ஹெட்போனை மாட்டியதும், மனிதர்கள் வாக்கியம் வாக்கியமாகப் பேசுவது அவருக்கு அப்படி இனித்தது. செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு கிழவர், முதல் மனைவி செத்த நாளைச் சொல்ல வந்து, நாலு நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பேட்டி எடுத்தவர் அதைத் தாண்டி எழுதச் சொல்லியிருந்தார். பிரசன்ட் அம்மா தாண்டவில்லை. நாலு நிமிஷமும் உட்கார்ந்து கேட்டார். நாற்பத்தாறு வயதில் இவ்வளவு பிடித்த வேலை ஒன்று தனக்கு வாய்க்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பிடித்துவிட்டது என்பதற்காகத் தன்னை நம்பிவிடுகிற ஆளில்லை அவர். கடைக்குப் போய், பள்ளிக்கூடத்தில் இருப்பதைப் போலவே ஒரு வருகைப் பதிவேட்டைத் தன் செலவில் வாங்கினார். தன் குறிக்கோள்களை அதில் பிள்ளைகளாகச் சேர்த்தார். முதல் நம்பர், ‘நாற்பது நிமிஷப் பேச்சு’. இரண்டாம் நம்பர், ‘திரும்பக் கேட்டுத் திருத்தியது’. மூன்றாம் நம்பர், ‘வேலை கேட்டுப் புது ஆளுக்குக் கடிதம்’. நான்காவது, ‘சொன்ன நேரத்தில் அனுப்பியது’. ஆறு மணிக்கு ஹெட்போனைக் கழற்றியதும் பெயர் கூப்பிட்டு, வந்திருந்தால் பச்சை மையில் பி, வராவிட்டால் சிவப்பு மையில் ஏ.

“மூணாம் நம்பர் இன்னைக்கும் வரல” என்பார், சமையலறைப் பக்கம் திரும்பி.

“என்னவாம் அவனுக்கு?” என்பார் கணவர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதனால் தெருவுக்கு லிஃப்ட்காரர். ஐந்தரைக்கு வேலை முடிந்து வந்து, அந்நேரம் டீ போட்டுக்கொண்டிருப்பார்.

“ரொம்ப வெக்கம். புது ஆளுங்கன்னா அவனுக்குப் பேச்சே வராது.”

மூன்றாம் நம்பருக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும் என்று பிறகு சலுகை கொடுத்தார். முதல் நம்பருக்கு ஒரு சலுகையும் கிடையாது. பள்ளிக்கூடத்து விதிதான் அவனுக்கும்: இருநூறு வேலை நாளில் எழுபத்தைந்து சதவீதம் வந்தால் பாஸ். பாஸானால் இந்த வேலையைத் தொடர்வது, இல்லையென்றால் பெடலைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவது.

பள்ளிக்கூடத்தில் அவர் பேனாவுக்கு ஒரு பெயர் உண்டு. போட்ட ஏ-யை அது பி ஆக்காது. தலைமையாசிரியையின் தங்கை மகளுக்கே ஒரு நாள் குறைந்தபோது, சிபாரிசுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் மட்டும் ஒரு வழி இருந்தது. வீட்டிலிருந்து லீவு லெட்டரும், கூடவே டாக்டர் சீட்டும் வந்தால், அந்த நாட்களை மொத்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். அந்த லெட்டரும் லேசில் தேறாது. “காய்ச்சல்னு போட்டிருக்கு. எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும்? காய்ச்சலுக்கும் முதல் நாள், கடைசி நாள் இருக்கும்ல?” என்று அப்பாக்களையே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

போன திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டார். “அடுத்த மாசத்துலருந்து முழு நாள் வந்துடுங்க. உங்களுக்காகத்தான் கேட்டு வாங்கியிருக்கேன். வெள்ளிக்கிழமை பதில் சொல்லுங்க, போதும்.” நல்ல மனசோடு செய்த காரியம். மூன்று மணியும் ஆறு மணியும் அதோடு போய்விடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமையோடு இருநூறு நாள் முடிந்தது. ஆறு மணிக்குப் பிரசன்ட் அம்மா பதிவேட்டைப் பிரித்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டாவது பாஸ், மூன்றாவது தட்டுத்தடுமாறிப் பாஸ், நான்காவது அமர்க்களம். முதல் நம்பர் நூற்று நாற்பத்தொன்று. வேண்டியது நூற்றைம்பது.

இன்னொரு தடவை எண்ணினார். கூடவில்லை.

“எவ்வளவு குறையுது?” லிஃப்ட்காரர் டீயை வைத்தார்.

“ஒம்பது.”

“ஒம்பது தானே? பச்சைப் பேனாவை எடு. யாரு பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்ல?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடிபட்ட இடத்தைக் காட்டுவது போல மெதுவாகத்தான் சொன்னார். பிறகு பதிவேட்டை மூடி, ஹெட்போன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

லிஃப்ட்காரர் மூடிய பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் சிவப்பு வரிசையாக நின்றது, பன்னிரண்டு ஏ, ஒன்றுகூட விட்டுப்போகாமல். அவருக்குக் குடலிறக்க அறுவைசிகிச்சை நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அவை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் இந்த நோட்டை வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணியானால் சிவப்புப் பேனாவை எடுத்த மனைவி அவருக்கு நினைவுக்கு வந்தார். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது, இன்றைக்கு இல்லை.

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. லிஃப்ட் பரிசோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து, மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

‘மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் வகுப்பில் பயிலும் முதல் நம்பர், வீட்டில் அறுவைசிகிச்சை நடந்தபடியால் பன்னிரண்டு நாட்கள் வர இயலவில்லை. அவன் மேல் தவறு இல்லை. விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பாதுகாவலர்.’

பிரசன்ட் அம்மா படித்தார். முகத்தில் அலுவலகக் களை வந்துவிட்டது.

“எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும்?”

“பின்னாடி பாரு.”

திருப்பினார். படிவத்தில், கட்டடத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், தேதிகள் இருந்தன.

“டாக்டர் சீட்டு?”

“குத்தியிருக்கேன்மா. உன்கூட இருபது வருஷமா குடித்தனம் பண்றேன், இது தெரியாதா எனக்கு?”

குண்டூசியில் ஆஸ்பத்திரிச் சீட்டு தொங்கியது. அதன் தேதிகளைக் கடிதத்தோடு ஒப்பிட்டார், இரண்டு முறை. இருநூறில் பன்னிரண்டைக் கழித்தார். நூற்றெண்பத்தெட்டு. அதில் எழுபத்தைந்து சதவீதம் எவ்வளவு என்று காகித ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, விடையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். நூற்று நாற்பத்தொன்று. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பேனாவின் மூடியைக் கழற்றி, கடிதத்தின் மூலையில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுருட்டிய ஒயர் தானாகவே பிரிந்து மேசைமேல் கிடந்தது.

“நாளைக்கு டீச்சரம்மாகிட்ட மரியாதையா, முழு நாள் முடியாதுன்னு சொல்லிடு. நீ இதை விட்டுட்டேன்னா அந்தப் பேட்டி ஆளுங்க பேசறதையெல்லாம் கடைசி வரைக்கும் கேக்க யாரு இருக்கா?” என்று வழக்கம்போலப் படபடவென்று கொட்டிவிட்டு, லிஃப்ட்காரர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

மேசைக்கடியில் பிரசன்ட் அம்மாவின் வலது கால் இடப்பக்கம் நகர்ந்து, தரையை ஒரு தடவை அழுத்தி மிதித்தது.