நீளக் கொம்புக்காரி

பக்கத்து அறையில் தேநீர்க் கோப்பை தட்டென்று மேசையில் மோதியது.

"சமையல்காரியா? என்னைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகப் போறது உங்க சமையல்காரியா?"

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த அலெட்டாவின் கை அப்படியே நின்றது. எங்கள் டாமரா இனத்து ஊர்க்காரர்கள் நடத்தும் வேட்டை முகாமில் பதினெட்டு வருஷம் சமைத்தவள் அவள். ஓய்ந்த நேரமெல்லாம் விலங்குகளின் தடம் பார்க்கப் பழகி, நாற்பத்து நான்கு வயதில் தேர்வு எழுதி வழிகாட்டி உரிமம் வாங்கினாள். அடுத்த மாத வேட்டைதான் அவளுக்கு முதல் வேட்டை. திட்டம் போட வந்திருக்கும் இந்த ஜெர்மன்காரர் டீக்மன் மாட்டேன் என்றால், மறுபடி அடுப்புதான்.

"அலெட்டா, இங்க வாம்மா," என்று அழைத்தார் முகாம் தலைவர் ஃபெஸ்டஸ்.

போனாள். டீக்மன் ஒரு படத்தை அவள் பக்கம் தள்ளினார். நீர்நிலையில் வைத்த கேமராவில் போன வாரம் விழுந்த ஓரிக்ஸ் மான்.

"இந்தக் கொம்புதான் வேணும். அஞ்சு நாள் போதுமா?"

"தாராளமா!" என்றார் ஃபெஸ்டஸ், 'சரின்னு சொல்லு' என்று கண்ணாலேயே கெஞ்சியபடி.

அலெட்டா படத்தைக் கிட்டே எடுத்துப் பார்த்தாள். ஒரு 'சரி' போதும், கனவு கைக்கு வந்துவிடும்.

"முடியாதுங்க ஐயா. இது பொட்டை. ஓரிக்ஸ்ல பொட்டைக்குத்தான் கொம்பு நீளம். மடி கனத்திருக்கு பாருங்க. குட்டியைப் புதர்ல ஒளிச்சு வெச்சிட்டுத் தண்ணிக்கு வந்திருக்கா."

"நான் இருபது வருஷமா வேட்டையாடறேன்."

"ஆடியிருப்பீங்க. எங்க மானைப் பார்த்ததில்லையே!"

'போச்சு' என்று ஃபெஸ்டஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அலெட்டா நிறுத்தவில்லை.

"கிழட்டுக் கிடா ஒண்ணு இருக்கு. நுனி தேஞ்ச கொம்பு, ஆனா அடி என் மணிக்கட்டு மொத்தம். மேற்கே வறண்ட ஆத்துல தனியாத் திரியுது. எட்டு நாள் நடக்கணும். உங்க முட்டி தாங்குமா?"

டீக்மன் அவளையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க டாக்டர்கூட இப்படிக் கேட்டதில்லம்மா!"

திட்டக் காகிதத்தில் நாள் கணக்கில் இருந்த ஐந்தை அடித்து எட்டு என்று எழுதினார்.

"வழிகாட்டி பேரு?"

"அலெட்டா கரோயெஸ்," என்றாள். கண் நிறைந்து எழுத்து மங்கியது.

வாசலில் அவர் திரும்பினார். "எந்த மாதிரி பூட்ஸ் கொண்டு வரட்டும்?"

"பழசுங்க ஐயா. காலுக்குப் பழகினது."

தலையாட்டிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். அலெட்டா கதவைச் சாத்தினாள்.