முகம் காட்டாத எழுத்தாளருக்கு ஒரு பனர்

போன ஞாயிறு மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். நல்ல கூட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ வெளியே தலைகாட்டவே வெட்கமாக இருக்கிறது.

இறந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். இங்கிலாந்தில் பிறந்து, மொன்றியலில் தனியாக வாழ்ந்த நாவலாசிரியை, கவிஞர். பெயர் சொல்ல மாட்டேன், இனியாவது அவரை விட்டுவிடலாம். பேட்டி கொடுக்க மாட்டார். விழாவுக்குப் போக மாட்டார். பரிசு கிடைத்தால் வாங்குவதற்குத் தங்கையை அனுப்புவார். எந்தப் புத்தகத்திலும் அவர் படம் கிடையாது. என்னைக் கண்டால் ஒரு தலையசைப்பு... அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

செய்தி தெரிந்ததும் எங்கள் வாசகர் வட்டத் தலைவர் செல்வம் அண்ணை போன் எடுத்தார்.

"தங்கச்சி, உங்கட பக்கத்து வீட்டு மனுசியெல்லோ? நாங்கள் அஞ்சலி செய்யாட்டி ஆர் செய்யிறது?"

"செய்வம் அண்ணை. ஆனா நாங்கள் ஒருத்தரும் அவவின்ர புத்தகம் வாசிக்கேல்லையே?"

"அது பேந்து வாசிக்கலாம். முதல்ல படம் வேணும். படமில்லாமல் என்னெண்டு விளக்குக் கொளுத்திறது?"

நியாயம்தானே? நம்மவர் அஞ்சலியில் விஷயம் இல்லாமல் போகலாம் – படம் இல்லாமல் போகுமா? மாலையை எதற்குப் போடுவது?

என்னிடம் ஒரு படம் இருந்தது. அவர் வாசலில் பனி தள்ளும்போது, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி ஜன்னலுக்குப் பின்னால் நின்று களவாக எடுத்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் பெருமை காட்டத்தான்! அதைப் பெரிதாக்கி, 'கண்ணீர் அஞ்சலி' என்று பனர் அடித்தோம். வாட்ஸப்பில் லண்டன், பாரிஸ் என்று அது பறந்தது.

அவர் வீட்டை ஒதுக்கிக் காலிசெய்ய இங்கிலாந்திலிருந்து வந்திருந்த தங்கையையும் நான்தான் அழைத்தேன். பாவம், ஆசையோடு வந்தார். பனரைக் கண்டதும் மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்தப் படம் எப்படிக் கிடைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அக்கா என்னைக்கூடப் படம் எடுக்க விட்டதில்லை. எழுத்து மிஞ்சினால் போதும், முகம் வேண்டாம் என்பாள். கடைசியாக என்னிடம் கேட்டதும் அதைத்தான். என்னிடம் இருந்த அவளுடைய சின்ன வயதுப் படங்களையெல்லாம் போன கிழமைதான் கிழித்தேன்."

செல்வம் அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, கழட்டுவம்."

"இப்பவோ? விளக்குக் கொளுத்தியாச்சு பிள்ளை!"

ஆனாலும் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் தானே கதிரையில் ஏறிக் கழற்றினார். நான் மன்னிப்புக் கேட்டேன். தங்கை கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பேச்சுகள் தொடங்கின. ஒருவர் தான் கனடா வந்த கதையைச் சொன்னார். இன்னொருவர் தன் கவிதையை வாசித்தார். "என்ன சொல்கிறார்கள்?" என்று பக்கத்தில் இருந்த என்னிடம் தங்கை மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் அக்காவின் கவிதைகளைப் பற்றி" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நாம் ஒருவரைக் கௌரவிப்பது உண்மையில் அவருக்காகத்தானா? அல்லது பக்கத்தில் நாம் நிற்பதற்காகவா?

நன்றியுரைக்கு முன், வழக்கம்போல ஒரு பொன்னாடை வந்தது. "சகோதரியை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார்கள். மரியாதைக்காக அவர் எழுந்து போனார். வெளிச்சத்தில் நின்றபோதுதான் கவனித்தேன் – அக்காவின் அதே கண், அதே மூக்கு. உரித்துவைத்த முகம்.

பொன்னாடை தோளில் விழுந்ததும் முன்வரிசையில் எல்லாக் கைகளும் போனோடு உயர்ந்தன. அவர் அந்தப் பொன்னாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

படம் நன்றாக விழுந்திருக்கிறது. ஓம்... என் போனில்தான்.