கச்சான் காற்றில் பூத்த சீனியா

நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்த பெட்டூனியாப் பூச்செடிகள் மூன்றாம் நாளே தலை சாய்த்துவிட்டன. அப்போது நான் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு ஹோட்டலின் தோட்டப் பொறுப்பாளர். ஆனி மாதம்; மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும் காலம். ஒன்பது கிழமையில், ஆவணி பிறந்ததும், எங்கள் புல்வெளியில் ஒரு கலியாணம். பூந்தோட்டத்தைப் படத்தில் பார்த்துத்தான் கலியாண வீட்டார் இடத்தைப் பதிந்திருந்தார்கள்.

"இன்னொரு லொறி எடுப்பம் அக்கா," என்றார் மனேஜர். புளியந்தீவுக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அதுகளும் சாகும் சேர். குளிரில வளந்த செடி இந்த வெயிலத் தாங்காது. சீனியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி மூண்டையும் விதை போட்டு எடுத்துத் தாறன்."

"விதையா? பூக்காட்டி?"

"பூக்காட்டி நான் வேலைய விட்டுட்டுப் போறன்."

வாய் சொல்லிவிட்டது. அன்று பின்னேரமே கடைக்குப் போய் விதை வாங்கி வந்தேன்.

மறுநாளே பாத்தி கொத்தி, மாட்டெரு கலந்து விதைத்தேன். கோழிக்கொண்டை விதை பொடிப்பொடியாக இருக்கும். அதை மணலில் கலந்து மேலாகத் தூவினேன். ஐந்தாம் நாள் முளை கண்டது. பத்தாம் நாள் இலை நுனிகள் கருகத் தொடங்கின.

"வெயில்தான் சுட்டுட்டுது," என்றாள் என்னோடு வேலை செய்த ஏறாவூர் ரஹீமா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாத்திக்கு இறைத்த கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கோடையில், கடலோடு கலந்த வாவியின் உப்புத் தண்ணீர் கிணற்றுக்குள் ஊறியிருக்கிறது! அன்றிலிருந்து நானும் ரஹீமாவும் குழாய்த் தண்ணீரை வாளியில் சுமந்து, விடியக்காலையில், இலையில் படாமல் அடியில் ஊற்றினோம். புது இலைகள் பச்சையாக வந்தன.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் சீனியாவின் நுனிகளைக் கிள்ளினேன். மனேஜர் ஓடிவந்தார்.

"விசரா அக்கா? மொட்டு வாற இடத்தையெல்லோ கிள்ளுறீங்க!"

"ஒரு பூப் போதுமா, ஆறு பூ வேணுமா சேர்? கிள்ளினாத்தான் கிளைக்கும்."

அடுத்த இரண்டு கிழமையும் வெறும் இலை. மனேஜர் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். எட்டாவது கிழமை மொட்டுகள் விரிந்தன. சிவப்பு, செம்மஞ்சள், ரோஸ் என்று பாத்தி முழுக்கப் பூ. கச்சான் அடிக்க அடிக்க இன்னும் பூத்தன.

கலியாணத்தன்று, மணப்பெண்ணுக்குக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பூச்செண்டு மத்தியானத்துக்கு முன்பே வாடிப்போனது. படமெடுக்க எல்லாரும் காத்து நின்றார்கள். பெண்ணின் தாய், செங்கலடியில் படிப்பிக்கும் ரீச்சர், கலங்கிய கண்ணோடு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இதில கொஞ்சம் வெட்டித் தருவீங்களா? எங்கயிருந்து இறக்கின பூ இது?"

நான் வாய் திறக்குமுன் மனேஜர் முந்திக்கொண்டார். "இறக்கினதில்ல ரீச்சர். எங்கட அக்கா விதை போட்டு வளத்தது."

நானே வெட்டி, நானே கட்டிக் கொடுத்தேன். பின்னேரம்வரை அந்தச் செண்டில் ஒரு இதழ்கூடச் சோரவில்லை. அன்று நான் நடந்த நடையை ரஹீமா இன்றைக்கும் நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செடி வாங்கப் போகுமுன், நடப்போகிற இடத்தில் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே நிற்க ஆசைப்படுகிற செடி எது என்று தேடி, அதன் விதையை வாங்குங்கள்.